சிங்கப்பூரிலிருந்து பைக்கில் மலேசியா, தாய்லாந்து: நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் வெள்ளிக்கிழமை இரவானால் நாங்கள் ஐந்தாறு பேர் உட்காருவோம். எல்லாரும் பைக் ஓட்டுபவர்கள். எல்லை தாண்டி நீண்ட தூரம் போக ஆரம்பித்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மேசையில் ஹெல்மெட்டுகளைப் பார்த்ததும் பக்கத்திலிருந்து யாராவது ஒரு சந்தேகம் கேட்பார்கள். அடுத்த வாரம் அதே சந்தேகத்தோடு வேறொருவர் வருவார். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஆவணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. அவற்றைப் பற்றிய பதில்களைப் புறப்படும் வாரத்தில் அரசாங்க இணையப்பக்கங்களோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, என்கிட்ட இருக்கறது 2பி லைசன்ஸ்தான். சின்ன வண்டியில அவ்வளவு தூரம் போக முடியுமா?

போகலாம். 2பி என்றால் 200 சிசி வரை. மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 சிசி வண்டியில் மனைவி பிள்ளையோடு ஊருக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். 150 சிசி வண்டி மணிக்கு 85, 90 கிலோமீட்டரில் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேல் முறுக்கினால் வண்டிக்கும் கஷ்டம், உங்கள் கைக்கும் கஷ்டம். லாரியை முந்தும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதன் பக்கவாட்டில் காற்று உங்களை உள்ளே இழுக்கும், முன்பக்கம் தாண்டியதும் வெளியே தள்ளும். சின்ன வண்டியில் இரண்டும் நன்றாகவே தெரியும்.

லைசன்ஸ் எடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதுதான் சிசியைவிட முக்கியம். ஒரு மழைக்காலத்தையாவது சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் ஓட்டிப் பழகுங்கள். ஒரு வருடம் கழித்து 2ஏ, இன்னொரு வருடம் கழித்து 2 என்று வகுப்பு ஏறிக்கொண்டே போகலாம். அதுவரை பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதல் தடவை எங்க போகலாம்? நேரா ஹட்யாய்க்கே விட்டா என்ன?

வேண்டாம். ஹட்யாய் தெற்குத் தாய்லாந்தில் இருக்கிறது, ஒரு வழிக்கே ஏறக்குறைய 850, 900 கிலோமீட்டர். முதுகும் இடுப்பும் கையும் அவ்வளவு தூரத்தை எப்படித் தாங்கும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். முதலில் கோத்தா திங்கி, தேசாரு பக்கம் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். அடுத்தது ஓர் இரவு தங்கும் பயணம். பொந்தியான், பத்து பகாட், மூவார் வழியாக மலாக்கா போகும் ஐந்தாம் எண் சாலை அதற்கு நல்லது. கிழக்கே என்றால் மூன்றாம் எண் சாலையில் மெர்சிங். மூன்றாவதாக மூன்று நாள் எடுத்து ஈப்போ, கேமரன் மலை. சிங்கப்பூரிலிருந்து ஈப்போ சுமார் 550 கிலோமீட்டர், பினாங்கு சுமார் 700. இவ்வளவும் முடித்த குழு தாய்லாந்துக்குத் தயார்.

நெடுஞ்சாலை சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் ஊரைக் காட்டாது. திரும்பும்போதாவது ஒரு துண்டு முதலாம் எண் பழைய சாலையில் வாருங்கள். கெமாஸ், சிகாமட், லாபிஸ், யோங் பெங் என்று அது தோட்டங்களுக்கு நடுவே வரும். ரப்பர் இருந்த இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை. வழியில் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகள் தென்படும், சாலையோரத்தில் சின்னச் சின்ன மாரியம்மன், முனீஸ்வரர் கோயில்கள் இருக்கும். என் தாத்தா பால் மரம் வெட்டிய தோட்டம் லாபிஸ் பக்கம். அந்த வழியில் முதன்முறை வந்தபோது ஒரு கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கூட வந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் காத்திருந்தார்கள்.

உட்லண்ட்ஸா, துவாஸா?

பைக்கில் மலேசியாவுக்குள் போக இந்த இரண்டு சோதனைச்சாவடிகள்தான். மலேசியாவின் கிழக்குக் கரைக்கு உட்லண்ட்ஸ். கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்றால் துவாஸ். துவாஸ் பாலமான இரண்டாவது இணைப்பைத் தாண்டினால் ஜொகூர் பாரு நகர நெரிசலுக்குள் போகாமல் செனாய் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம்.

எந்தச் சோதனைச்சாவடி என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பெரிய கேள்வி. வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர் திரும்பும் மலேசிய ஊழியர்களின் பைக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாங்கள் சனிக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்குச் சந்தித்து ஐந்து மணிக்கு எல்லையில் இருப்போம். பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி வாரங்களில் அதுவும் போதாது. அந்த வாரங்களை விட்டுவிடுங்கள்.

என்னென்ன பேப்பர் எடுத்துக்கணும்?

மலேசியாவுக்கு மட்டும் என்றால் கடப்பிதழ் (ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்), சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவு விவரத்தை அச்சிட்ட தாள், காப்புறுதிச் சான்றிதழ். சாலை வரி காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். காருக்கு வேண்டிய நுழைவு அனுமதிப் பதிவும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணமும் இதுவரை மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. கார் வைத்திருக்கும் நண்பர் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரு செட் உங்கள் பையில், இன்னொரு செட் வேறொருவர் பையில். கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மழையில் கைப்பேசி நனைந்து போனால்?

நான் இந்தியப் பாஸ்போர்ட், இங்க வேலை அனுமதியில இருக்கேன். எனக்கும் இதேதானா?

மேலே சொன்ன அத்தனையும் உண்டு, கூட இரண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை, உங்களுக்குத் தேவை. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கும் பக்கங்கள் அதிகாரபூர்வமானவை அல்ல.

விசாவைப் பொறுத்தவரை, இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போக 2023 டிசம்பரிலிருந்து சலுகை இருக்கிறது. அது 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. நீங்கள் போகும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை அனுமதி முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பி உள்ளே வர அதுதான் வேண்டும்.

மலேசியாவுல எந்தப் பெட்ரோல் போடணும்? மஞ்சளா, பச்சையா?

பச்சை. மஞ்சள் கைப்பிடி இருப்பது ரோன் 95, மலேசிய அரசு மானியம் தரும் எண்ணெய். வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு அதை விற்க 2010 ஆகஸ்ட்டிலிருந்து தடை. நமக்கு ரோன் 97. அதுவும் சிங்கப்பூர் விலையோடு பார்த்தால் மிகவும் குறைவு. கல்லாவில் இருப்பவர் கண்டுகொள்ளவில்லை என்பதற்காக மஞ்சளை எடுக்காதீர்கள். அது அந்த ஊர் மக்களின் வரிப்பணம்.

டேங்க் பாதிக்கு வந்ததும் நிரப்புங்கள். குழுவில் எல்லாரும் ஒரே இடத்தில் நிரப்ப வேண்டும், ‘எனக்கு இன்னும் இருக்கு’ என்பவரும் சேர்த்து. இல்லாவிட்டால் நாற்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை யாராவது ஒருவருக்காக நிற்க வேண்டிவரும்.

டோல் எவ்வளவு ஆகும்?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. பினாங்குப் பாலங்களிலும் இரண்டாவது இணைப்பின் மலேசியப் பக்கத்திலும் 2019 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். சாவடிக்கு இடது ஓரத்தில் பைக்குக்கென்று குறுகலான தனி வழி இருக்கும். அதில் மணலும் எண்ணெயும் கிடக்கும், மெதுவாகப் போங்கள். கோலாலம்பூரில் உள்ள ஸ்மார்ட் சுரங்கப்பாதையில் பைக்குக்கு அனுமதி கிடையாது. வழிகாட்டிச் செயலியில் மோட்டார் சைக்கிள் என்று தேர்ந்தெடுக்க மறந்தால் அது உங்களை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும்.

எத்தனை பேர் சேர்ந்து போகலாம்? யார் முன்னால, யார் பின்னால?

நான்கு முதல் ஆறு பேர். எட்டுப் பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வரிசையைச் சொல்வதற்கு முன், 2017-இல் நடந்ததைச் சொல்லவேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் பழைய சாலையில் ஆறு பேர் போனோம். முன்னால் ஓட்டியது நான். புதிதாக வந்த தம்பி ஒருவரைக் கடைசியில் விட்டிருந்தோம், ‘மெதுவா வாங்க, மேல காத்திருக்கோம்’ என்று சொல்லிவிட்டு. வளைவுகள் அதிகமான சாலை, லேசான தூறல். முன்னால் போகும் எங்கள் விளக்குகள் கண்ணிலிருந்து மறைந்ததும் அவர் வேகம் எடுத்திருக்கிறார். ரிங்லெட்டுக்கு முன் ஒரு வளைவில், லாரி சிந்திய டீசலில் சறுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. அவர் வரவில்லை என்று எங்களுக்குத் தெரியவே இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் சாலையோரத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தவர் காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த முகம் தெரியாத லாரி ஓட்டுநர் ஒருவர். தவறு அந்தத் தம்பியுடையது இல்லை, வரிசை போட்ட என்னுடையது.

அன்றிலிருந்து எங்கள் வரிசை இப்படித்தான். வழி தெரிந்தவர் முதலில். அனுபவம் குறைந்தவர் இரண்டாவது. எல்லாரையும்விட நிதானமானவர் கடைசியில். இரண்டாவதாக வருபவரை முதல் ஆள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அவர் என்ன வேகத்தில் வருகிறாரோ அதுதான் குழுவின் வேகம். கடைசி ஆள் யாரையும் முந்தமாட்டார், யார் நின்றாலும் கூட நிற்பார். நேர் சாலையில் இடம் வலமாக மாறி மாறி, முன்வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி விட்டு. வளைவிலும் மழையிலும் ஒற்றை வரிசை, இடைவெளி இரட்டிப்பு. சந்திப்பில் திரும்பும்போது பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை அங்கேயே நிற்கவேண்டும். எல்லாரும் இதைச் செய்தால் யாரும் தொலைய மாட்டார்கள். ஹெல்மெட் இன்டர்காம் இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி இந்த விதிகளை விட்டுவிடாதீர்கள். மலைச் சாலையில் அது பல நேரம் அறுந்துபோகும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

நெடுஞ்சாலை என்றால் 400 முதல் 450. பழைய சாலை என்றால் 250. மலை என்றால் 150 கூடப் போதும். 80, 90 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நடக்கவேண்டும். தெற்கு-வடக்காக மாச்சாப், பாகோ, ஆயர் குரோ, தாப்பா என்று ஓய்விடங்கள் இருக்கின்றன. தண்ணீர் குடிக்காமல் ஓட்டினால் பகல் இரண்டு மணிக்குத் தலைவலி வரும். அது தூக்கமாக மாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எங்கள் குழுவில் மாற்ற முடியாத ஒரு விதி: மாலை ஐந்து மணிக்கு எல்லா வண்டியும் விடுதியில் நிற்க வேண்டும். இருட்டில் குழி தெரியாது, ஆடு மாடு தெரியாது, களைப்பும் சேர்ந்துகொள்ளும். கெரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் யானைகள் சாலையைக் கடக்கும். எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை. அந்தச் சாலையைக் காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். கிளம்பும் முன் டேங்கையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மழை வந்தா என்ன பண்றது? எந்த மாசம் நல்லது?

நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மெர்சிங், குவாந்தான், கோத்தா பாரு பக்கம் வெள்ளம் வரும், சாலையை மூடுவார்கள். மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். ஐந்து மணி விதிக்கு இதுவும் ஒரு காரணம்.

மழைச்சட்டை இரண்டு துண்டாக, சட்டை தனி கால்சட்டை தனி இருக்கவேண்டும். முதல் துளி விழும்போதே நிறுத்தி மாட்டுங்கள், நனைந்தபின் மாட்டிப் பயனில்லை. முதல் பத்து நிமிட மழைதான் சாலையில் இருக்கும் எண்ணெயை மேலே கொண்டுவரும். மேம்பாலத்துக்கு அடியில் அவசரத் தடத்தில் ஒதுங்கி நிற்பது ஆபத்து, மழையில் கண் தெரியாமல் வரும் லாரி அங்கேதான் ஏறும். கொஞ்சம் நனைந்தாலும் அடுத்த ஓய்விடத்துக்கே போங்கள்.

தாய்லாந்துக்குள்ள வண்டிய எப்படிக் கொண்டு போறது? ஏஜென்ட் வேணுமா?

ஏஜென்ட் இல்லாமலும் முடியும். புக்கிட் காயு ஹீத்தாமில் மலேசியாவை விட்டு வெளியேறி, அந்தப் பக்கம் சடாவ். தாய்லாந்தின் மின்னிலக்க வருகை அட்டை 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவருக்கும் கட்டாயம். இதையும் மூன்று நாளுக்குள் நிரப்பிவிடுங்கள். குடிநுழைவில் ஆளுக்கு முத்திரை, வண்டிக்குத் தனித் தாள். பிறகு சுங்கத்துறையில் தற்காலிக இறக்குமதித் தாள் ஒன்று தருவார்கள். அந்தத் தாளைக் கண்ணைப்போலக் காப்பாற்றுங்கள். திரும்பும்போது அதைக் கொடுத்து வண்டி வெளியேறியதைப் பதிவு செய்யாவிட்டால் அபராதம்.

தாய்லாந்துக்குள் ஓட்ட அந்நாட்டின் கட்டாயக் காப்புறுதி வேண்டும். சாங்லூனில், எல்லைக்கு முன்னால் உள்ள கடைகளில் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள், படிவங்களையும் தட்டச்சு செய்து கொடுப்பார்கள். அந்தச் சின்னத் தொகையைக் கொடுத்துவிடுங்கள், அங்கே நேரம் மிச்சமாகும். சிங்கப்பூர் உரிமம் ஆசியான் நாடுகளுக்கு இடையே உள்ள ஒப்பந்தப்படி அங்கே செல்லும். தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால். விடுதி நேரத்தைக் குறிக்கும்போது மறந்துவிடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாலா, பட்டாணி, நராத்திவாட் மாநிலங்களில் 2004 முதல் பிரிவினைவாத வன்முறை நடந்துவருகிறது. பலர் ஆசைப்படும் பெத்தோங் யாலாவில்தான் இருக்கிறது. வெளியுறவு அமைச்சின் ஆலோசனையைப் படித்துவிட்டு, குழுவில் ஒருவர் தயங்கினாலும் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ்தான் ஏற்கனவே இருக்கே, அது போதாதா?

உங்கள் சிங்கப்பூர்ப் பைக் காப்புறுதியில் ‘புவியியல் எல்லை’ என்ற வரியைத் தேடுங்கள். பலவற்றில் சிங்கப்பூர், மேற்கு மலேசியா, தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரை என்று இருக்கும். ஹட்யாய் அதற்குள் வரும், கிராபியும் புக்கெட்டும் வராது. அதைத் தாண்டுவதாக இருந்தால் நிறுவனத்திடம் முன்கூட்டிக் கேட்டு நீட்டிப்பு எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதி ஆளுக்கு ஏற்படும் காயத்துக்கானது. உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அல்ல.

பயணக் காப்புறுதி வேறு. கேமரன் மலையில் விழுந்த தம்பியும் ஒன்று எடுத்திருந்தார். அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது விலக்கு என்று பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, நாங்கள் யாரும் படிக்கவில்லை. மருத்துவமனைச் செலவையும் ஊருக்குக் கொண்டுவந்த வண்டிச் செலவையும் ஆறு பேரும் பகிர்ந்துகொண்டோம். பைக் ஓட்டுவதற்கும் பின்னால் உட்காருவதற்கும் காப்பு உண்டா, சிசி வரம்பு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் வண்டியை எடுத்துக்கிட்டுப் போகலாமா?

அவர் காப்புறுதியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. சிங்கப்பூரில் பல பைக் காப்புறுதிகள் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநருக்கு மட்டும்தான். அடுத்தது, உரிமையாளர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம். தாய்லாந்துச் சுங்கத்தில் இதைக் கேட்பார்கள். கடனில் உள்ள வண்டி, வாடகை வண்டி என்றால் நிதி நிறுவனம் அல்லது வாடகைக் கடையின் கடிதமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மச்சான் வண்டி வேண்டாம்.

ஹட்யாய்ல கஞ்சா கடையே இருக்காமே? அங்க சட்டம் விட்டா நமக்கென்ன?

இதைக் கேட்டது வயதில் சிறியவர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்டதாகவே நம் சட்டம் கருதும். சோதனைச்சாவடியில் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய அதிகாரம் உண்டு. பிஸ்கட், பானம் என்று கலந்து விற்பவையும் இருக்கின்றன, தெரியாத கடையில் தெரியாததைச் சாப்பிடாதீர்கள். மின்சிகரெட்டும் சிங்கப்பூரில் தடை. குழுவில் ஒருவர் பையில் இருந்தால் எல்லார் பயணமும் எல்லையில் முடியும். எங்கள் குழுவில் இதற்கு இரண்டாவது எச்சரிக்கை கிடையாது.

அண்ணா, நாங்க மூணு பொண்ணுங்க, மூணு பேரும் வண்டி ஓட்டுவோம். தனியா போகலாமா?

போங்கம்மா. வரிசை, தூரம், ஐந்து மணி எல்லாம் அப்படியே. விடுதி மட்டும் வண்டியை உள்ளே நிறுத்த இடமுள்ளதாக, ஊருக்கு நடுவே இருக்கட்டும். பகாங்கில் ஒரு ஓய்விடத்தில் சந்தித்த ஓர் அக்கா, ஐம்பது வயதுக்கு மேல், கிள்ளானிலிருந்து தன் தங்கையோடு ஓட்டி வந்திருந்தார். எங்கள் ஐந்து வண்டியின் சங்கிலிகளைப் பார்த்து, ‘எண்ணெய் போடுங்க தம்பி, கத்துது’ என்றார். அவர் சொன்னது சரி. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போடவேண்டியதை நாங்கள் மறந்திருந்தோம்.

வீட்டுல அம்மா விடமாட்டேங்குறாங்க. என்ன சொல்லிச் சம்மதிக்க வைக்கிறது?

சொல்லிச் சம்மதிக்க வைக்க முடியாது, காட்டித்தான் முடியும். என் அம்மாவுக்கு நான் ஒரு தாள் எழுதி வைப்பேன். எந்த நாள் எந்த ஊர், விடுதியின் தொலைபேசி எண், கூட வருபவர்களின் எண்கள், அவர்கள் வீட்டு எண்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘சாப்பிட்டேன்’ என்று ஒரு குறுஞ்செய்தி. ஐந்து மணிக்கு ஓர் அழைப்பு. முதல் இரண்டு பயணத்தில் அழுதவர், மூன்றாவதில் பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு காணிக்கை கொடுத்தனுப்பினார். போகும் வழியில் இறங்கி 272 படி ஏறி உண்டியலில் போட்டுவிட்டுத்தான் ஈப்போவுக்கு வண்டியை எடுத்தோம்.

கூட வரும் நண்பர்களை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் முகம் தெரிந்தால் அம்மாவின் பயம் பாதியாகும்.

காசை எப்படிப் பிரிக்கிறது? போன தடவை சண்டையாயிடுச்சு.

பொதுப் பை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே ஆளுக்கு 200 ரிங்கிட், ஒருவர் கையில். சாப்பாடு, தேநீர், விடுதி எல்லாம் அதிலிருந்து. பெட்ரோல் அவரவர் செலவு, ஏனென்றால் வண்டிகள் வேறு வேறு. தீர்ந்தால் மறுபடி எல்லாரும் சமமாகப் போட வேண்டும். மீதியைக் கடைசி நிறுத்தத்தில் எண்ணிப் பிரிக்க வேண்டும். விடுதியின் தரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். கையில் காசு குறைவாக உள்ளவரால் எது முடியுமோ அதுதான் எல்லாருக்கும்.

விபத்து நடந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?

முதலில் மற்ற வண்டிகள் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் நன்றாகப் பின்னால் தள்ளிப் போய்ச் சாலையோரத்தில் நின்று கையசைக்க வேண்டும். விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், மூச்சுவிட முடியாமல் போனாலொழிய. மலேசியாவில் 999. நெடுஞ்சாலையில் 1800-88-0000 என்ற உதவி எண்ணும் இருக்கிறது, வண்டி பழுதுக்கும் அதுதான். தாய்லாந்தில் மருத்துவ அவசரத்துக்கு 1669, சுற்றுலாப் போலீஸ் 1155.

பிறகு படங்கள், எதிர்வண்டியின் எண், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். சிங்கப்பூர்க் காப்புறுதி நிறுவனத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ‘சின்ன உரசல்தானே, கைகொடுத்துப் போயிடலாம்’ என்று சொன்னவர் ஒரு மாதம் கழித்து இழப்பீடு கேட்டு வந்த கதை எங்களுக்கே நடந்திருக்கிறது.

திரும்பி வர்றப்ப ஞாயிறு சாயந்திரம் வரலாமா, திங்கள் விடியற்காலையா?

இரண்டும் வேண்டாம். ஞாயிறு மாலை எல்லாரும் திரும்புவார்கள். திங்கள் விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஜொகூரிலிருந்து வேலைக்கு வரும் பைக்குகள் உட்லண்ட்ஸ் தரைப்பாலமான காஸ்வேயை நிறைத்துவிடும். ஞாயிறு மதியத்துக்குள் எல்லையைத் தொடுங்கள். முடியாதென்றால் திங்களும் விடுப்பு எடுத்து, முற்பகல் பத்து மணிக்கு மேல் வாருங்கள். கடைசி நாள் தூரம் மற்ற நாள்களில் பாதியாக இருக்கும்படி திட்டமிட்டால் இது தானாக அமையும்.

பாதி வழியில ஒருத்தன் இனி முடியலன்னா, மத்தவங்க போகலாமா?

எல்லாருக்கும் கேட்கக் கூச்சமான கேள்வி இது, அதனால் கடைசியில் வைத்தேன். காய்ச்சல், முதுகுவலி, வீட்டிலிருந்து வந்த ஒரு செய்தி, சில நேரம் வெறும் பயம். காரணத்தை விசாரிக்காதீர்கள். அவரைத் தனியாகத் திருப்பி அனுப்பவும் கூடாது. இரண்டு பேராவது கூட நிற்கவேண்டும், அந்த இருவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைத்துவிட வேண்டும். எங்களில் நானும் கடைசியில் வருபவரும்தான் அந்த இருவர், எந்தப் பயணமானாலும்.

கேமரன் மலையில் விழுந்தாரே, அந்தத் தம்பி இரண்டு வருடம் வண்டியைத் தொடவில்லை. 2019-இல் மறுபடி வந்தார், பினாங்குக்கு. தாப்பா ஓய்விடத்தில் இறங்கியவர், ‘அண்ணே, கை நடுங்குது’ என்றார். அன்று பினாங்கு போகவில்லை. அங்கேயே தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு, அவரை இரண்டாவதாக வைத்து 70-இல் உருட்டி ஈப்போவில் தங்கினோம். மறுநாள் காலை கல்லுமலைக் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே தெற்கே திரும்பினோம். வரும் வழியில் பாகோ வந்தபோது அவரே கையைக் காட்டி, ‘கொஞ்சம் வேகமா போலாம்ண்ணே’ என்றார்.